கொட்டை புளித்த இடம்

உணவுத் திருவிழாக்களில் கடை போடும் கைவினை சாக்லேட்காரர்கள் சில ஆண்டுகளாக ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். தாளில் சுற்றிய கட்டிகளுக்குப் பக்கத்திலேயே, மரத்திலிருந்து பறித்த கோகோ காய்களையும் அடுக்கி வைக்கிறார்கள். காயின் நடுவில் மரக்கட்டையால் ஓங்கி ஒரு தட்டு. தடித்த தோல் இரண்டாகப் பிளந்துகொள்கிறது. உள்ளே நடுத்தண்டைச் சுற்றி ஐந்து வரிசையாக, வெள்ளைச் சதை போர்த்திய 30, 40 கொட்டைகள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுச் சப்பச் சொல்கிறார்கள். இனிப்பும் புளிப்புமான வழுவழுப்பான சதை. லேசான பூ வாசம். சப்பாமல் கடித்துவிட்டவருக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பருப்பு அகப்படும்; கசப்பும் துவர்ப்புமாக நாக்கை இழுத்துப் பிடிக்கும். சதையிலும் சரி, பருப்பிலும் சரி, சாக்லேட் வாசம் துளியும் இருக்காது. இதிலிருந்தா அது வருகிறது என்று கேட்காதவர்கள் குறைவு. ஊறுகாய் சாப்பிடுகிறவருக்கு யாரும் மாங்காயைக் காட்டி விளக்க வேண்டியதில்லை. சாக்லேட்டுக்கு மட்டும் ஏன் அந்த விளக்கம் தேவைப்படுகிறது?

பழம் விளையும் நாடு வேறு, கட்டி செய்யும் நாடு வேறு என்று பதில் சொல்லிவிடலாம். அது பாதி பதில்தான். தேயிலையும் மிளகும்கூடக் கடல் கடந்தே போயின. ஆனால் தேநீரின் மணத்தை இலண்டன் உண்டாக்கியது என்று யாரும் நம்பவில்லை. சாக்லேட்டின் சுவையைச் சுவிட்சர்லாந்துக்காரரும் பெல்ஜியக்காரரும் உண்டாக்கினார்கள் என்று உலகமே நம்புகிறது. நான் வாதிட விரும்புவது இந்த நம்பிக்கைக்கு எதிராக. சாக்லேட்டின் சுவை பிறப்பது தோட்டத்தில், காயை உடைத்தபின் வரும் ஐந்தாறு நாள்களில். கொட்டை வாங்கி விற்ற வணிகர்களுக்கு இது எப்போதும் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது தின்பவருக்கும், பல இடங்களில் விளைவிப்பவருக்கும்தான். தென்னிந்தியாவில் கோகோ கடந்துவந்த வழி, அந்த ஐந்தாறு நாள்கள் விவசாயியின் கையைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று.

அந்த நாள்களில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சதையோடு இருக்கும் பச்சைக் கொட்டைகளை மரப்பெட்டியிலோ மூங்கில் கூடையிலோ கொட்டி, வாழை இலையும் சாக்கும் போட்டு மூடுகிறார்கள். சதையிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் முதலில் பிடித்துக்கொண்டு சாராயமாக்குகிறது. சதை கரைந்து சாறாக அடியில் வடிகிறது. மூன்றாம் நாள் குவியலைப் புரட்டிவிட்டதும் காற்று உள்ளே புகுகிறது. இப்போது வேறு வகை பாக்டீரியாக்கள் சாராயத்தைப் புளிக்காடியாக மாற்றத் தொடங்குகின்றன. குவியலின் சூடு 45 டிகிரியைத் தாண்டி 50ஐ நெருங்குகிறது. கையை உள்ளே விட்டால் பொறுக்க முடியாது. இந்தச் சூட்டிலும் புளிப்பிலும் கொட்டையின் முளை செத்துப்போகிறது. உள்ளறைகளின் சுவர்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த நொதிகளும் புரதங்களும் ஒன்றோடொன்று கலக்கின்றன. புரதம் சிதைந்து சிறு துண்டுகளாகிறது, துவர்ப்பு தணிகிறது, கத்தரிப்பூ நிறம் பழுப்பாகிறது. பிறகு ஒரு வாரம் வெயிலில் காயவைத்து ஈரத்தை ஏழு சதவீத அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். வறுக்கும்போது எழும் சாக்லேட் மணம் இந்தச் சிதைந்த புரதத் துண்டுகளிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும்தான் எழுகிறது. புளிக்கவைக்காத கொட்டையை எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் அந்த மணம் வராது. தரம் பார்ப்பவர்கள் காய்ந்த கொட்டைகளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே பழுப்பு நிறமும் வெடிப்புகளும் இருந்தால் நன்றாகப் புளித்தது. ஊதாவாக இருந்தால் அரைகுறை. பலகைக் கல் போலச் சாம்பல் நிறத்தில் இறுகியிருந்தால் புளிக்கவே இல்லை. ஒரு கத்தியும் ஒரு கண்ணும் போதும். தோட்டத்தில் யார் எவ்வளவு கவனமாக வேலை செய்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

மனிதர் முதலில் கோகோவை நாடியது கொட்டைக்காக அல்ல, சதைக்காக என்று நினைக்க இடமிருக்கிறது. ஈக்குவடோர் நாட்டின் தென்கிழக்கில் சாந்தா அனா லா புளோரிடா என்ற இடத்தில் மாயோ-சிஞ்சிப்பே பண்பாட்டுப் பானைகளில் கோகோவின் மாவுத்துகள்களும் தியோபுரோமினும் பழைய மரபணுத் தடயமும் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 5,300 ஆண்டுகள் என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. ஹோண்டுராஸில் உலூவா ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள புவர்த்தோ எஸ்கோந்திதோவில் கி.மு. 1100 அளவிலான கலயங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றின் குறுகிய கழுத்தைக் கண்டு, அவை நுரை பொங்க ஆற்றும் கொட்டைப் பானத்துக்கு ஏற்றவை அல்ல, சதையைப் புளிக்கவைத்த மதுவுக்கே ஏற்றவை என்று 2007இல் வாதிட்டார்கள். இந்த வாதம் சரியென்றால், சாக்லேட் என்பதே கள் இறக்கப் போனவர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த இரண்டாவது பொருள். சதை புளிக்கும்போது உள்ளே இருந்த கொட்டையும் மாறியது. அதைக் காயவைத்து வறுத்துப் பார்க்க யாருக்கோ தோன்றியிருக்கிறது. தொழிலின் ஆதி அறிவு முழுவதும் மரத்தடியில் இருந்தவர்களுடையது.

அந்த அறிவு பின்னர் பெரும் நாகரிகமாகவே விரிந்தது. மாயர்கள் கொட்டையை வறுத்து, கல்லில் அரைத்து, மிளகாயும் மக்காச்சோளமும் பூக்களும் சேர்த்து, உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்பிக் குடித்தார்கள். ஆஸ்டெக் அரசு சோகோனுஸ்கோ பகுதியிலிருந்து கொட்டையைக் கப்பமாக வாங்கியது. கொட்டை நாணயமாகவும் புழங்கியது. 1545இல் திலாஷ்கலாவில் எழுதப்பட்ட விலைப்பட்டியல் ஒன்றில் நல்ல பெட்டை வான்கோழி 100 கொட்டை, அப்போது பறித்த வெண்ணெய்ப்பழம் 3 கொட்டை, பெரிய தக்காளி ஒரு கொட்டை. ஸ்பானியர்கள் இந்தப் பானத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது காய்ந்த கொட்டை மட்டுமே கப்பலேறியது. சதை சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கெட்டுவிடும்; அது மரத்தடியிலேயே தங்கிவிட்டது. ஐரோப்பியர் தலைமுறை தலைமுறையாகப் பழத்தைக் காணாமலே கொட்டையை அரைத்துக் குடித்தார்கள். பிரிவின் முதல் காரணம் இயற்கைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரிவு மறதியாக மாறியது இயற்கையால் அல்ல.

மறதி 19ஆம் நூற்றாண்டின் வேலை. 1828இல் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பம் கொட்டையை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றது. காரம் சேர்த்துப் பொடியின் புளிப்பை அடக்கும் முறையும் அவர்களுடையதே. 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஃப்ரை நிறுவனம், பிரித்த கோகோ வெண்ணெயைப் பொடியோடும் சர்க்கரையோடும் மறுபடி கலந்து கடித்துத் தின்னும் கட்டியை வார்த்தது. 1870களின் நடுவில் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் பாலைச் சேர்த்தார். 1879இல் பெர்ன் நகரில் ருடால்ஃப் லின்ட் மணிக்கணக்காக அரைத்துப் புரட்டும் இயந்திரத்தைச் செய்து, நாக்கில் மணல் போல உறுத்திய சாக்லேட்டை உருகவைத்தார். நான்கும் பெரிய கண்டுபிடிப்புகள், ஐயமில்லை. ஆனால் நான்கும் சேர்ந்து இன்னொன்றையும் செய்தன. காரமும் பாலும் சர்க்கரையும் கொட்டைக்குக் கொட்டை இருந்த வேறுபாட்டைத் தேய்த்துவிட்டன. எந்த ஊர்க் கொட்டையைப் போட்டாலும் ஒரே சுவை வரவேண்டும் என்பதே தொழிற்சாலையின் இலக்கணமாயிற்று. ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் உற்பத்தியாளரின் பெயர் வந்து உட்கார்ந்தது.

வணிகர்கள் அப்படி மறக்கவில்லை என்பதுதான் என் வாதத்துக்கு வலுவான சான்று. இலண்டன் ஏலத்தில் கராகஸ் கொட்டைக்கு ஒரு விலை, டிரினிடாட் கொட்டைக்கு ஒரு விலை, பஹியா கொட்டைக்கு வேறு விலை. இலங்கையை எடுத்துக்கொள்வோம். 1869இல் காப்பி இலைகளில் துருநோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தொழிலையே விழுங்கியது. துரைமார் மாற்றுப் பயிர் தேடியபோது மாத்தளையிலும் கண்டிக்குப் பக்கத்துத் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் கோகோ ஏறியது. தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் விளைந்த அந்தக் கொட்டையைப் புளிக்கவைத்தபின் தண்ணீரில் கழுவி, ஒட்டியிருந்த சதையை நீக்கி, பிறகு காயவைத்தார்கள். செங்கல் நிறத்தில் சுத்தமாக மின்னிய இலங்கைக் கொட்டைக்கு இலண்டனில் தனி மதிப்பு இருந்தது. அந்த மதிப்பை உண்டாக்கியது கழுவு தொட்டியிலும் காயவைக்கும் களத்திலும் நின்ற கைகள். ஏலக்காரர் அதைக் கணக்கிட்டுக் காசு கொடுத்தார். காசு தோட்ட உரிமையாளரைச் சேர்ந்தது. கட்டியைத் தின்றவருக்கு மாத்தளை என்ற பெயரே எட்டவில்லை. இன்றும் உலகக் கோகோ வணிகம் கொட்டையை நயச்சுவை வகை, சாதாரண வகை என்று இரண்டாகப் பிரித்தே நடக்கிறது. சுவை தொழிற்சாலையில்தான் பிறக்கிறது என்றால் இந்தப் பிரிவினைக்கே பொருளில்லை.

ஆப்பிரிக்கக் கதை இதைவிடக் கசப்பானது, அதை இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும். போர்த்துகீசியர் ஆண்ட சாவோ தோமே தீவில் ஒப்பந்தக் கூலி என்ற பேரில் அடிமைத்தனம் நடந்ததை ஹென்றி நெவின்சன் 1906இல் நூலாக எழுதி அம்பலப்படுத்தினார். 1909இல் பிரிட்டனின் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் அந்தத் தீவின் கொட்டையை வாங்குவதை நிறுத்தின. கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், டெட்டே குவார்ஷி 1879இல் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த விதைகளிலிருந்து சிறு விவசாயிகள் தாங்களாகவே ஒரு தொழிலைக் கட்டி எழுப்பினார்கள். 1911 வாக்கில் உலகிலேயே அதிகக் கோகோ ஏற்றுமதி செய்தது அந்த நாடு. வாழை இலை விரித்துக் குவித்துப் புளிக்கவைக்கும் அவர்கள் முறை இன்றும் கானா கொட்டைக்கு நற்பெயர் தருகிறது. 1937இல் ஐரோப்பிய வாங்கு நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்து விலையைக் கட்டுப்படுத்தியபோது, விவசாயிகள் மாதக்கணக்கில் கொட்டையை விற்க மறுத்தார்கள். கோகோவை அரசு வாரியம் வாங்கும் ஏற்பாட்டுக்கு அந்தப் போராட்டம் ஒரு காரணமாயிற்று. அவர்கள் போராடியது விலைக்காக. சுவைக்கான பெயரைக் கேட்டுப் போராட அவர்களுக்கு வழியே இருக்கவில்லை. அவர்கள் சரக்கு துறைமுகத்தை விட்டதும் மற்றக் கொட்டைகளோடு கலந்துவிட்டது. கச்சாக் கொட்டைக்குக் குறைந்த சுங்கம், செய்த பண்டத்துக்குக் கூடுதல் சுங்கம் என்ற பணக்கார நாடுகளின் பழைய ஏற்பாடும், விளைந்த இடத்தில் ஆலை எழாமல் பார்த்துக்கொண்டது.

நம் பக்கம் கோகோ வந்தது பலரும் நினைப்பதைவிட முன்பே. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்திலிருந்த தன் வாசனைத் தோட்டங்களில் கிரியோல்லோ வகைக் கோகோவை நட்டது. கன்றுகள் இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து வந்தவை. ஜாதிக்காயும் கிராம்பும் மங்குஸ்தானும் குற்றாலத்தில் வேரூன்றி, இன்றும் சீசனில் அங்கே போகிறவர்கள் வாங்கிவரும் பொருள்களாயின. கோகோ அப்படி ஆகவில்லை. மண்ணோ மழையோ காரணம் என்று சொல்ல முடியாது. நிழலும் ஈரமும் உள்ள அந்த அடிவாரம் கோகோவுக்கு நல்ல இடம்தான். காரணத்தைப் புளிக்கவைப்பதில் தேடவேண்டும் என்பது என் கருத்து. கிராம்பைக் கைப்பிடி அளவு பறித்தாலும் காயவைத்து விற்கலாம். கோகோவைக் கைப்பிடி அளவில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குவியல் தன் சூட்டைத் தானே தேக்கிவைக்கப் பல கிலோ பச்சைக் கொட்டை ஒரே நாளில் சேரவேண்டும். புரட்டத் தெரிந்த ஆள் வேண்டும். காய்ந்ததை வாங்க ஆள் வேண்டும். இவை ஏதும் இல்லாத இடத்தில் மரம் காட்சிப்பொருளாகவே நிற்கும். நீலகிரி அடிவாரத்தின் கல்லாறு, பர்லியாறு பழப்பண்ணைகளிலும் 20ஆம் நூற்றாண்டில் கோகோ மரங்கள் அப்படித்தான் நின்றன.

தொழில் தொடங்கியது, வாங்குபவர் வந்தபிறகு. 1948இல் கேட்பரி நிறுவனம் இந்தியாவில் இறக்குமதிச் சரக்கோடு வியாபாரத்தைத் தொடங்கியது. அன்னியச் செலாவணி இறுகிய 1960களில் உள்நாட்டுக் கொட்டை தேவைப்பட்டது. 1965இல் வயநாட்டின் சுண்டேலில் செயல்விளக்கப் பண்ணை அமைத்தது. தென்னைக்கும் பாக்குக்கும் இடையே விழும் அரை நிழலில் ஊடுபயிராக வளரும் என்பதால் கேரளத்திலும் தென்கன்னடத்திலும் 1970களில் கோகோ பரவியது. 1980களின் தொடக்கத்தில் உலக விலை சரிந்தது; வாங்கியவர்கள் பின்வாங்கினார்கள்; காய்கள் மரத்திலேயே கருத்தன. பலர் மரங்களை வெட்டித் தள்ளினார்கள். அப்போது பாக்கு விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனமான காம்ப்கோ கோகோவை வாங்க முன்வந்து, 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலையே கட்டியது. விளைவிப்பவர்களின் கூட்டுறவு ஒன்று கட்டி வரைக்கும் போனது உலக அளவிலேயே அரிய செயல். இதற்கு நம் பத்திரிகைகளில் கிடைக்கவேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆனால் தென்னிந்தியக் கோகோ தொழிலில் தொடக்கத்திலேயே ஒரு வழக்கம் படிந்துவிட்டது. கேரளத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் விவசாயி காயை உடைத்துச் சதையோடு பச்சைக் கொட்டையாகவே விற்றார். சேகரிப்பு மையத்தில் எடை போட்டு வாங்கியவர்கள் தங்கள் இடத்தில் புளிக்கவைத்துக் காயவைத்தார்கள். இதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. காய் வரத்து மிகும் மாதங்களில் மழையும் மிகுதி. கூரையும் உலர்த்தியும் இல்லாத வீட்டில் கொட்டை பூசணம் பிடிக்கும். ஐம்பது மரம் வைத்திருப்பவருக்கு ஒரு பெட்டி நிறையக் கொட்டை சேராது. எல்லாரும் தனித்தனியே செய்தால் தரம் ஊருக்கு ஊர் மாறும். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டபின்னும் ஒன்று மிஞ்சுகிறது. பச்சைக் கொட்டையாக விற்ற நொடியில் விவசாயி சுவையிலிருந்து விலகிவிடுகிறார். சுமார் மூன்று கிலோ பச்சைக் கொட்டை காய்ந்து ஒரு கிலோ ஆகிறது. அந்தக் கணக்கில் அவர் விற்றது எடைதானே தவிர மணம் அல்ல. நன்றாகப் பழுத்த காயைத் தேர்ந்தவருக்கும், அணில் குடைந்த காயை உள்ளே தள்ளியவருக்கும் தராசு ஒரே பதில் சொல்கிறது. தன் தோப்பில் விளைந்தது என்ன சுவையாக மாறுகிறது என்பதை அறிய அவருக்குக் காரணமும் இல்லை, வாய்ப்பும் இல்லை. கோகோ மரத்தை நாற்பது ஆண்டுகள் வளர்த்தும் அதிலிருந்து ஒரு குவளை பானம் செய்து குடித்திராத வீடுகள் இப்படித்தான் உருவாயின. பிலிப்பைன்ஸிலும் கிரனடாவிலும் டிரினிடாட்டிலும் விவசாயி வீடுகளில் கொட்டையை வறுத்து இடித்து உருட்டி வைத்துக்கொண்டு பானம் காய்ச்சுவது பழைய வழக்கம். அங்கே புளிக்கவைப்பது வீட்டுக்குத் தெரிந்த வேலை.

இங்கே ஒரு மறுப்பு எழும். கோகோ வெண்ணெய் 34 டிகிரியில் உருகிவிடும். வெப்ப நாட்டில் கட்டி செய்து வைக்க முடியாது. ஆகவே சாக்லேட் குளிர்நாட்டில் வளர்ந்தது தவிர்க்க முடியாதது. கட்டிக்கு இது ஓரளவு உண்மை. பானத்துக்கு உண்மையில்லை, மூவாயிரம் ஆண்டு மெக்சிகோ சாட்சி. கட்டிக்கும் குளிரூட்டி வந்தபின் இந்தக் காரணம் செல்லாது. 1999இல் கிரனடா தீவில் மாட் கிரீன் என்பவர் கூட்டாளிகளோடு சேர்ந்து தொடங்கிய சிறு ஆலை, தீவின் கொட்டையைத் தீவிலேயே சூரிய மின்சாரத்தில் கட்டியாக்கி விற்றது. இன்னொரு மறுப்பு கனமானது. வறுப்பதும் அரைப்பதும் தெரியாவிட்டால் எவ்வளவு நல்ல கொட்டையும் வீண். ஆக, பெருமை கைவினைஞருக்கே போகவேண்டும். கைவினைஞரின் பங்கை நான் குறைக்கவில்லை. மிஞ்சிய புளிக்காடியை விரட்டுவதும் துவர்ப்பை அடக்குவதும் அவர் திறமை. ஆனால் அவர் வேலை இருப்பதை வெளிக்கொணர்வது. இல்லாததை வரவழைக்க அவராலும் ஆகாது. அதனால்தான் கைவினைஞர்களே முதலில் தோட்டத்தைத் தேடிப் போனார்கள். 1980களில் பிரான்சில் சில நிறுவனங்கள் கட்டியின் மேல் கொட்டை விளைந்த நாட்டின் பெயரை அச்சிட்டன. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கொட்டை முதல் கட்டி வரை தாங்களே செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் தோன்றினார்கள்.

இந்த இயக்கம் பரவியதில் கோயம்புத்தூருக்கு ஒரு பங்கு உண்டு, அதை நம்மவர்களே அதிகம் அறிந்ததில்லை. சாக்லேட் அரைக்கும் இயந்திரங்கள் டன் கணக்கில் வேலை செய்யும் ஆலைகளுக்காகவே செய்யப்பட்டவை. சில கிலோ செய்ய நினைத்தவருக்குக் கருவியே கிடையாது. 2000களின் நடுவில் அமெரிக்காவில் வீட்டுச் சாக்லேட் முயற்சி செய்தவர்கள், இட்லி மாவு அரைக்கும் மேசை கிரைண்டரில் கொட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். கருங்கல் உருளையும் கருங்கல் அடிப்பலகையும் லின்ட் இயந்திரத்தின் வேலையை மெதுவாக, ஆனால் முறையாகச் செய்தன. இரண்டு மூன்று நாள்கள் நிற்காமல் ஓடும்படி மோட்டாரையும், சூடு தாங்கும்படி பாகங்களையும் மாற்றியபின், புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் கிரைண்டரின் வாரிசு உலகெங்கும் சிறு சாக்லேட் பட்டறைகளின் கருவியாயிற்று. தென்னிந்தியாவிலும் பட்டறைகள் எழுந்தன. ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ, மைசூரில் முன்பு எர்த் லோஃப் என்ற பெயரில் இருந்த நவிலுனா, ஆனைமலை அடிவாரத் தோப்பின் கொட்டையிலிருந்தே கட்டி செய்யும் சோக்லெட் என்று வரிசை நீள்கிறது. இவர்களில் பலர் முதலில் எதிர்கொண்ட சிக்கல் அரைப்பதல்ல. நன்றாகப் புளித்த கொட்டை சந்தையில் கிடைக்கவில்லை என்பதுதான். ஆகவே தோட்டங்களுக்குப் போய்ப் பெட்டி செய்து கொடுத்து, புரட்டும் நாளைச் சொல்லிக் கொடுத்து, அதற்கென்று கூடுதல் விலை தரத் தொடங்கினார்கள். தோட்டத்தைவிட்டுப் போன வேலை தோட்டத்துக்குத் திரும்பும் வழி இப்படித்தான் திறந்தது. திருவிழா மேசையில் கட்டியின் பக்கத்தில் காயை வைப்பதற்கும் இந்தத் தேடலே பின்னணி.

வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு இது என்று சொல்வோர் உண்டு. பத்து ரூபாய்க் கட்டி ஏழைக் குழந்தையின் கைக்கு எட்டியது தொழிற்சாலையால்தான். முந்நூறு ரூபாய்க் கட்டி யாருக்கு? இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். மலிவான இனிப்பு ஒரு நன்மைதான். ஆனால் அந்த மலிவின் கணக்கில் ஒரு பகுதியை மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்களும் அவர்கள் பிள்ளைகளும் கட்டினார்கள். கோகோ தோட்டங்களில் குழந்தைகள் மோசமான வேலைகளில் ஈடுபடுத்தப்படுவதை ஒழிப்பதாக அமெரிக்கச் சாக்லேட் துறை 2001இல் ஒப்பந்தமே செய்துகொள்ள வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு கழிந்தும் வேலை முடியவில்லை. தவிர, கைவினைக் கட்டி எல்லார்க்கும் ஆனது என்று நான் வாதிடவில்லை. சதையைச் சப்பி, பருப்பைக் கடித்து, பிறகு கட்டியைத் தின்ற ஒருவர் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார். அதைச் செய்தது யார் என்ற கேள்வி அவரிடம் பிறக்கிறது. அந்தக் கேள்வி பரவலாக எழாத வரை புளிக்கவைப்பதற்குத் தனி விலை கேட்கும் துணிவு விவசாயிக்கு வராது. கூடுதல் விலை முழுவதும் கடைக்காரரோடும் தாள் அச்சிடுபவரோடும் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. கட்டியின் மேல் ஊர்ப் பெயரை அச்சிடுவதும் அந்த ஊர்க்காரருக்குப் பணம் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல.

2024இல் நடந்தது இதைத் தெளிவாகக் காட்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் பருவநிலை கெட்டு, தண்டு வீக்க நோயும் பரவியதால் உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. இடுக்கியில் காய்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டது. அதன்பின் விலை இறங்கியது. ஏறியபோதும் இறங்கியபோதும் சுவைக்கு அதில் பங்கில்லை. எங்கோ பெய்த மழையும் எங்கோ பரவிய நோயும் தீர்மானித்தன. விலை எகிறும் காலத்தில் ஆறு நாள் காத்திருந்து புளிக்கவைக்க யாருக்கும் பொறுமை இருக்காது, பச்சையாகவே கைமாறும். விலை சரியும் காலத்தில் அந்த உழைப்புக்குக் கூலி கட்டாது. சரக்காக மட்டும் விற்கும் வரை இரண்டு காலத்திலும் சுவை தோற்கிறது. தரத்துக்கென்று முன்கூட்டியே பேசி முடித்த விலை ஒன்றுதான் இந்தச் சுழலுக்கு வெளியே நிற்கும். அதைத் தருகிறவர்கள் இன்று சிறு தயாரிப்பாளர்களே. அவர்கள் வாங்கும் அளவு நாட்டின் மொத்த விளைச்சலில் சிறு துளி.

இதற்கிடையே நெடுங்காலம் யாரும் சீண்டாத சதைக்கும் விலை வந்துகொண்டிருக்கிறது. 2019இல் நெஸ்லே, சர்க்கரைக்குப் பதிலாகக் கோகோ சதையையே இனிப்பாகச் சேர்த்த 70 சதவீத சாக்லேட்டை அறிவித்தது. 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் கோகோ சதையை உணவாக விற்க அனுமதி தந்தது. கானாவில் ஒரு நிறுவனம் சூரிய மின்சாரத்தில் ஓடும் நடமாடும் கருவிகளைத் தோட்டங்களுக்கே கொண்டுபோய்ச் சாறெடுக்கிறது. இங்கே புளிக்கவைக்கும் பெட்டியின் அடியில் வடிந்து மண்ணோடு போவது அதே சாறுதான். சதையை முழுவதும் எடுத்துவிட்டால் கொட்டை சரியாகப் புளிக்காது. ஒரு பகுதியை எடுத்தால் புளிப்பு மட்டுப்பட்டுக் கொட்டைக்கு நன்மையே. எவ்வளவு எடுப்பது, எப்போது எடுப்பது என்பதைக் குவியலின் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும். அதுவும் காயை உடைத்த சில மணி நேரத்துக்குள். இந்த வேலையைத் துறைமுகத்துக்கோ குளிர்நாட்டுக்கோ கொண்டுபோக முடியாது. தோட்டத்தை ஒட்டிய ஒரு கொட்டகை வேண்டும்; பெட்டிகள், சாறு பிரிக்கும் கருவி, மழைக்காலத்துக்கு ஓர் உலர்த்தி வேண்டும். ஐம்பது மரக்காரர் ஒருவரால் இது ஆகாது; பொள்ளாச்சியிலோ இடுக்கியிலோ பத்திருபது பேர் சேர்ந்தால் ஆகும். ஆலையே கட்ட முடியும் என்று புத்தூரில் பாக்கு விவசாயிகள் காட்டி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. கொட்டகைக்குத் தேவைப்படும் முதல் அதைவிட மிகக் குறைவு.